வார்டுக்குள் கால் வைக்கும் முன்: பி.எஸ்சி. நர்சிங் முதல் செமஸ்டர் கேள்வி – பதில்

இந்த ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் சேரும் மாணவர்களும் பெற்றோரும் கேள்விகளை அனுப்பியிருந்தார்கள். முதலாண்டு வகுப்புகளை எடுக்கும் நர்சிங் ஆசிரியர்கள் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். முதல் செமஸ்டரில் என்னென்ன பாடங்கள்? எதற்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டும்?
– மாணவி, தென்காசி

இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் கொண்டுவந்த செமஸ்டர் பாடத்திட்டப்படி ஆறு பாடங்கள்: கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ், அனாட்டமி (உடல் அமைப்பு), பிசியாலஜி (உடல் இயக்கம்), சோசியாலஜி (சமூகவியல்), சைக்காலஜி (உளவியல்), நர்சிங் ஃபவுண்டேஷன் (நர்சிங் அடிப்படைகள்) முதல் பகுதி. அனாட்டமியும் பிசியாலஜியும் சேர்ந்து ஒரே தாள். எழுத்துத் தேர்வுக்கு 75, அக மதிப்பீட்டுக்கு 25. அந்த 75-ல் அனாட்டமிக்கு 37, பிசியாலஜிக்கு 38. சோசியாலஜியும் சைக்காலஜியும் இதேபோல ஒரு தாள். தேர்ச்சிக்கு 50 சதவீதம் வேண்டும். பள்ளியில் 35 எடுத்தால் பாஸ் என்று பழகியவர்கள் இதை முதல் நாளே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கிலீஷுக்குக் கல்லூரியே தேர்வு நடத்தும். அதற்கு 40 சதவீதம் போதும்.

நர்சிங் ஃபவுண்டேஷனுக்குப் பல்கலைக்கழகத் தேர்வு இரண்டாம் செமஸ்டர் முடிவில்தான் வருகிறது. அதனால் "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒதுக்குகிறவர்கள் நிறைய. இதுதான் முதல் செமஸ்டரில் நடக்கும் பெரிய தவறு. அனாட்டமிக்கு 60 மணி நேரம்தான். ஃபவுண்டேஷனுக்கோ வகுப்பு 120 மணி, ஸ்கில் லேப் 80 மணி, வார்டு 160 மணி. முதல் செமஸ்டரில் வாங்கும் அக மதிப்பெண் அடுத்த செமஸ்டரின் மதிப்பெண்ணோடு சேர்ந்து சராசரியாகும். மதிப்பெண்ணை விடுங்கள், கை பழகாமல் வார்டுக்குப் போனால் சிரமப்படுவது படுக்கையில் இருக்கும் நோயாளி.

கேள்வி: அனாட்டமி புத்தகத்தைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. பெயர்களை எப்படி மனப்பாடம் செய்வது?
– மாணவர், அரியலூர்

முதலில் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு மாதத்துக்குச் சொற்பகுதிகளைப் படியுங்கள். ஹைப்பர் என்றால் அதிகம், ஹைப்போ என்றால் குறைவு. டாக்கி வேகம், பிராடி மந்தம். ஐட்டிஸ் என்று முடிந்தால் அழற்சி, எக்டமி என்றால் அகற்றுதல், ஆஸ்டமி என்றால் திறப்பு உண்டாக்குதல், ஈமியா ரத்தம், யூரியா என்று முடிந்தால் சிறுநீர். தினம் ஐந்து போதும். ஹைப்போகிளைசீமியா என்ற நீளமான சொல்லைப் பார்த்ததும் குறைவு, சர்க்கரை, ரத்தம் என்று மூன்றாக உடைக்க வந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். ஸ்பெல்லிங்கைக் கட்டாயம் எழுதிப் பழகுங்கள். இலியம் என்று ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு சொற்கள் உண்டு. ஆங்கிலத்தில் மூன்றாவது எழுத்து 'ஈ' என்றால் சிறுகுடலின் கடைசிப் பகுதி, 'ஐ' என்றால் இடுப்பெலும்பு. காதில் கேட்டதை மட்டும் நம்பினால் விடைத்தாளில் குடலுக்குப் பதில் எலும்பு வந்து நிற்கும்.

அடுத்தது, அனாட்டமியையும் பிசியாலஜியையும் தனித்தனி நாளில் படிக்காதீர்கள். இதயத்தின் நான்கு அறைகளையும் நான்கு வால்வுகளையும் வரைந்த அன்றே ரத்தம் எந்த வழியில் போகிறது என்று அம்புக்குறி போடுங்கள். அன்றே கார்டியாக் அவுட்புட் (இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் ரத்த அளவு) கணக்கையும் முடியுங்கள். ஒரு துடிப்புக்கு 70 மி.லி., நிமிடத்துக்கு 70 துடிப்பு, ஆக 4,900 மி.லி., ஏறக்குறைய 5 லிட்டர். படம் பார்த்துப் படிப்பது போதாது. வெள்ளைத் தாளில், புத்தகத்தைப் பார்க்காமல் வரைந்து, பெயர் குறித்து, பிறகு ஒப்பிட்டுச் சிவப்பு மையில் திருத்த வேண்டும். சிவப்பு விழுந்த இடத்தை மறுநாள் காலையில் மறுபடி வரையுங்கள்.

206 எலும்புகளையும் ஒரே மூச்சில் ஒப்பிக்கத் தேவையில்லை. நர்ஸின் கை தொடும் இடங்களை முதலில் பிடியுங்கள்: மணிக்கட்டில் நாடி பார்க்கும் ரேடியல் தமனி, பி.பி. பார்க்கும் பிரேக்கியல் தமனி, ஊசி போடும் டெல்டாயிட் தசை, தொடையின் வேஸ்டஸ் லேட்டராலிஸ் தசை, புட்டத்தில் தவறான இடத்தில் குத்தினால் காயப்படும் சயாட்டிக் நரம்பு. இவற்றை உங்கள் உடம்பிலேயே தொட்டுக் கண்டுபிடியுங்கள்.

கேள்வி: மகளுக்கு என்னென்ன வாங்கி அனுப்ப வேண்டும்? தடுப்பூசி கேட்கிறார்களே, எப்போது போடுவது?
– ஒரு தாய், பெரம்பலூர்

யூனிஃபார்ம், ஷூ, ஸ்டெத் இவற்றுக்கெல்லாம் கல்லூரி பட்டியல் தரும்வரை காத்திருங்கள். நிறமும் மாடலும் மாறினால் பணம் வீண். இப்போதே வாங்கக்கூடியது விநாடி முள் உள்ள கடிகாரம் (வார்டில் மணிக்கட்டில் கட்டக் கூடாது என்பார்கள், சட்டையில் குத்தும் வகை நல்லது), பாக்கெட் நோட்டு, நகவெட்டி. நகம் விரல் நுனியைத் தாண்டக் கூடாது. நெயில் பாலிஷ், மோதிரம், வளையல் வேண்டாம்.

தடுப்பூசிதான் அவசரம். ஹெபடைட்டிஸ் பி மூன்று டோஸ்: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். சீட் உறுதியானவுடன் தொடங்கினால் வார்டுக்குப் போகும் முன் இரண்டு டோஸாவது உடம்பில் இருக்கும். நடுவில் நாள் தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மூன்றாவது டோஸ் போட்டபின் ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள், எதிர்ப்பு சக்தி உருவாகியிருக்கிறதா என்று காட்டும் ஆன்டி ஹெச்.பி.எஸ். ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். 10 mIU/mL அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு கிடைத்திருக்கிறது. பலர் ஊசியோடு நிறுத்திவிடுகிறார்கள், இந்தப் பரிசோதனையைச் செய்வதில்லை. சிறுவயது தடுப்பூசி அட்டையையும் தேடி எடுங்கள். அதில் மூன்று டோஸும் பதிவாகியிருந்தால் டாக்டரிடம் காட்டி, பரிசோதனை மட்டும் போதுமா என்று கேளுங்கள். அம்மைத் தடுப்பூசி போட்டிருக்கிறதா, டெட்டனஸ் கடைசியாக எப்போது போட்டது என்பதையும் எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: லேபில் பி.பி. பார்த்தால் தோழிக்கும் எனக்கும் வேறு வேறு அளவு வருகிறது. எங்கே தப்பு?
– முதலாண்டு மாணவி, நாமக்கல்

பெரும்பாலும் காது தப்பு செய்வதில்லை, அதற்கு முந்தைய வேலைகளில்தான் தப்பு இருக்கும்.

அளவு பார்க்கப்படுபவர் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்து, பாதம் இரண்டும் தரையில், கால்மேல் கால் கூடாது. அரை மணிக்குள் காபி, டீ குடித்திருக்கக் கூடாது, சிறுநீர் முட்டிக்கொண்டும் இருக்கக் கூடாது. கை இதயத்தின் மட்டத்தில் மேசையில் தாங்கியிருக்க வேண்டும். கீழே தொங்கினால் அளவு கூடும், உயர்த்தினால் குறையும்.

கையில் சுற்றும் பட்டையான கஃப்பின் உள்ளே இருக்கும் ரப்பர் பையின் அகலம் மேல்கைச் சுற்றளவில் 40 சதவீதம், நீளம் 80 சதவீதம் இருக்க வேண்டும். பருமனான கைக்குச் சின்ன கஃப் கட்டினால் இல்லாத பி.பி. இருப்பதாகக் காட்டும். தளர்வாகச் சுற்றினாலும் அப்படியே. முழங்கை மடிப்பின் உட்பக்கம் பிரேக்கியல் துடிப்பைத் தொட்டுப் பாருங்கள். கஃப்பின் கீழ் விளிம்பு மடிப்புக்கு 2.5 செ.மீ. மேலே நிற்கட்டும்.

இப்போது பலரும் விட்டுவிடும் படி. ஸ்டெத் வைக்காமல், ரேடியல் நாடியில் விரலை வைத்துக்கொண்டு காற்றை ஏற்றுங்கள். நாடி எந்த எண்ணில் மறைகிறது? 110 என்று வைத்துக்கொள்வோம். காற்றை முழுவதும் விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, ஸ்டெத் வைத்து 140 வரை, அதாவது 30 கூட்டி ஏற்றுங்கள். சிலருக்கு ஒலி கேட்டு, நடுவில் மறைந்து, மறுபடி கேட்கும். இந்தப் படியை விட்டவர்கள் அந்த மௌனத்துக்குள் தொடங்கி, 180 உள்ளவருக்கு 140 என்று எழுதிவிடுவார்கள்.

காற்றை விநாடிக்கு 2 மி.மீ. வேகத்தில் இறக்க வேண்டும். முதல் 'டப்' கேட்பது சிஸ்டாலிக், ஒலி அடியோடு மறைவது டயஸ்டாலிக். வேகமாக இறக்கினால் மேல் எண் குறைந்தும் கீழ் எண் கூடியும் வரும். உங்களுக்கும் தோழிக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. ஸ்டெத்தின் காது முனைகள் உங்கள் மூக்கை நோக்கிச் சாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சரியாகக் கேட்கவில்லை என்றால் பாதியில் மறுபடி பம்ப் செய்யாதீர்கள். முழுவதும் இறக்கி, ஒன்றிரண்டு நிமிடம் விட்டுத் திரும்பப் பாருங்கள்.

டிரிப் ஓடும் கை, டயாலிசிஸுக்கான ஃபிஸ்டுலா (ரத்தக்குழாய் இணைப்பு) உள்ள கை, மார்பக அறுவை நடந்த பக்கத்துக் கை இவற்றில் கட்டக் கூடாது. கேட்டதை எழுதுங்கள்: 126/82 என்றால் 126/82. அதை 130/80 என்று வழித்து எழுதுவதும், முந்தைய ஷிஃப்டின் எண்ணைப் பார்த்து எழுதுவதும் நோயாளிக்குச் செய்யும் துரோகம்.

கேள்வி: பெட் மேக்கிங்கை வாரக்கணக்கில் சொல்லித் தருகிறார்களே, அவ்வளவு முக்கியமா?
– மாணவர், கடலூர்

ஆம். நகர முடியாத நோயாளியின் அடியில் விழும் ஒரு சுருக்கம் படுக்கைப் புண்ணுக்கு வழி வகுக்கும். அடிவிரிப்பு, மெக்கின்டாஷ் (ரப்பர் விரிப்பு), ட்ரா ஷீட் (அதன் மேல் போடும் குறுக்குத் துணி) மூன்றையும் ஒரு பக்கம் முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். சுற்றிச் சுற்றி நடந்தால் நேரமும் இடுப்பும் போகும். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். அழுக்கு விரிப்பை உதறினால் கிருமி காற்றில் ஏறும், நெஞ்சோடு அணைத்தால் யூனிஃபார்மில் ஏறும். பாதத்தின் மேல் போர்வையை இறுக்காமல் ஒரு மடிப்பு தளர்வு விடுங்கள்.

கேள்வி: ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருகிறது. நான் இந்தப் படிப்புக்கு லாயக்கில்லையா?
– மாணவி, சிவகங்கை

லாயக்குதான். ரத்தம் கண்டதும் நாடியும் பி.பி.யும் சட்டென இறங்கி, மூளைக்கு ரத்தம் குறைவதால் வரும் மயக்கம் அது. பழக்கத்தில் பெரும்பாலும் குறையும். காலை டிபனைத் தவிர்க்காதீர்கள், தண்ணீர் குடியுங்கள், முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொண்டு நீண்ட நேரம் நிற்காதீர்கள். கண் இருட்டுவதற்கு முன் கை, தொடை, வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 விநாடி இறுக்கி, அரை நிமிடம் தளர்த்தி, ஐந்து முறை செய்யுங்கள், பி.பி. சரியாமல் தாங்கும். இதை ஹாஸ்டல் அறையிலேயே பழகிவிட்டுப் போங்கள். அப்படியும் வியர்த்து, காது அடைத்தால் உடனே தரையில் உட்காருங்கள், முடிந்தால் படுத்துக் காலை உயர்த்துங்கள். டிரெஸ்ஸிங் நடக்கும்போது கீழே விழுந்தால் உங்களுக்கும் அடி, நோயாளிக்கும் ஆபத்து. முன்கூட்டியே வகுப்பு ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

கேள்வி: மாதம் இரண்டு முறை ஊருக்கு வர முடியுமா? அட்டெண்டன்ஸ் எவ்வளவு வேண்டும்?
– மாணவர், ராமநாதபுரம்

தேர்வு எழுத ஒவ்வொரு பாடத்திலும், தியரிக்கும் பிராக்டிகலுக்கும் தனித்தனியே 80 சதவீதம். காய்ச்சல் லீவும் இதில்தான் கழியும். வார்டு நேரம் மட்டும் பட்டம் பெறும் முன் 100 சதவீதம் முடித்தாக வேண்டும், விட்டதை விடுமுறையில் ஈடுகட்ட வேண்டியிருக்கும். ஊருக்குப் போகும் நாளை இந்தக் கணக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: முதல் செமஸ்டரில் ஊசி போட விடமாட்டார்கள் என்கிறார்கள். அப்படியென்றால் ஊசி குத்தும் ஆபத்து இல்லைதானே?
– மாணவி, திருவாரூர்

உண்டு. ட்ரே எடுத்து வைக்கும்போதும், விரிப்பு மாற்றும்போதும் யாரோ விட்டுச் சென்ற ஊசி குத்தலாம். ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடாதீர்கள். ஊசிகள் வெள்ளை நிறக் குத்தாத டப்பாவுக்கு, ஊசி நீக்கிய சிரிஞ்சும் டிரிப் டியூபும் கையுறையும் சிவப்புக்கு, ரத்தம் பட்ட பஞ்சும் துணியும் மஞ்சளுக்கு, கண்ணாடி மருந்துக் குப்பி நீலத்துக்கு.

குத்திவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அழுத்திப் பிழியாதீர்கள், வாயில் வைக்காதீர்கள், பிளீச் ஊற்றாதீர்கள். திட்டுவார்களோ என்று மறைக்காமல் உடனே வார்டு சிஸ்டரிடம் சொல்லுங்கள். ஹெச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. எந்த நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி, எத்தனை மணிக்குக் குத்தியது, உங்கள் ஹெபடைட்டிஸ் பி ஊசி எத்தனை டோஸ் முடிந்திருக்கிறது என்ற மூன்றையும் கேட்பார்கள். தடுப்பூசித் தேதிகளைப் பாக்கெட் நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.