பெங்களூர் குளிர் நமக்குத்தான், புல்லுக்கு இல்லை

கேள்வி: போன அக்டோபரில் கனடாவிலிருந்து வந்த மகன், அவன் வீட்டுப் புல்தரை மாதிரியே இங்கேயும் வேண்டும் என்று ஒரு விதைப் பையைக் கொண்டுவந்தான். கென்டக்கி ப்ளூகிராஸ், ரை கிராஸ் கலவை என்று போட்டிருந்தது. நவம்பரில் தூவினோம். பத்தே நாளில் பச்சைப் பட்டு விரித்தாற்போல வந்தது, பொங்கல் வரைக்கும் தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மார்ச் கடைசியில் திட்டுத்திட்டாக வெளுத்து, ஏப்ரலில் வைக்கோல். இத்தனைக்கும் தினம் இருவேளை தண்ணீர். பெங்களூர் குளிர்ந்த ஊர்தானே, ஏன் இப்படி? – வாசகி, ஒயிட்ஃபீல்ட்

பதில்: பெங்களூர் குளிர் நமக்குத்தான் குளிரம்மா. ஜனவரி விடியற்காலையில் 15 டிகிரிக்கு இறங்கினால் நாம் குரங்குக் குல்லாவைத் தேடுகிறோம், அந்தப் புல்லுக்கோ அதுதான் வேலையை ஆரம்பிக்கிற நேரம். ப்ளூகிராஸ், ஃபெஸ்க்யூ, ரை கிராஸ் எல்லாம் குளிர்நாட்டுப் புல் வகை. 15-லிருந்து 24 டிகிரிக்குள் காற்று இருந்தால் சந்தோஷமாக வளரும். 30-ஐத் தாண்டினால் இலை சம்பாதிக்கிறதைவிடச் செலவழிக்கிறது அதிகமாகிவிடும், ராத்திரியும் சூடு குறையாவிட்டால் கையிருப்பும் காலி. வேர் குட்டையாகிக்கொண்டே வரும். நம் ஊரில் ஏப்ரல் மதியம் 34-ஐத் தொடுகிறது. போதாததற்கு நீங்கள் இருவேளை தண்ணீர் விட்டு, சூட்டில் தவிக்கிற வேரை ஈரத்திலேயே ஊறவைத்திருக்கிறீர்கள். காய்ந்து செத்தது பாதி, அழுகிச் செத்தது பாதி என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொன்று, பத்து நாளில் வந்த அந்தப் பச்சை ப்ளூகிராஸே இல்லை. ப்ளூகிராஸ் முளைக்க இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும். நீங்கள் பார்த்து மகிழ்ந்தது ரை கிராஸ், அது ஐந்திலிருந்து பத்து நாளில் தலைகாட்டிவிடும். வட இந்திய கோல்ஃப் மைதானங்களில் குளிரில் புல் பழுத்துத் தூங்கும்போது மேலே ரை தூவிப் பச்சை காட்டுவார்கள், வெயில் வந்தால் அது போய்விடும் என்று தெரிந்தேதான் தூவுகிறார்கள். நீங்களும் ஒரு பொங்கல் பார்த்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், விதைக்கிற விதையை வெளிநாட்டிலிருந்து பெட்டியில் போட்டுக் கொண்டுவரக் கூடாது, இறக்குமதி அனுமதியும் பயிர் நலச் சான்றிதழும் வேண்டும். மகனிடம் சொல்லிவையுங்கள்.

சரி, என்ன போடுவது? கடையில் பெர்முடா என்று ஸ்டைலாகச் சொல்லி விற்கிறார்களே, அது வேறு யாருமில்லை, பிள்ளையாருக்குச் சாத்துகிற நம் அறுகம்புல்தான், அல்லது அதைக் கலந்து உண்டாக்கிய ரகம். ‘ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரூன்றி’ என்று கல்யாண வீட்டில் சும்மாவா வாழ்த்துகிறார்கள்? வெயில் விழுகிற இடமாக இருந்தால் அதுவே போதும். மெத்தென்று வேண்டுமென்றால் கொரியன் புல், ஆனால் பரவுவதற்குப் பொறுமை வேண்டும். மே கடைசியில் செத்ததையெல்லாம் கொத்தி எடுத்து, மண்ணை அரை அடி ஆழத்துக்குக் கிளறி, மக்கிய எரு கலந்து சமன்படுத்திவிட்டு ஜூன் மழையோடு நடுங்கள்.

பாய் பாயாக வெட்டி விற்கிற கார்பெட் புல் வாங்குவதாக இருந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். சில வருஷம் முன்னால் ஒரு நர்சரியிலிருந்து நானும் அப்படித்தான் இறக்கினேன். மூன்றாவது வாரம் நடுவில் மட்டும் சில இலைகள் விறைத்துக்கொண்டு உயரமாக நின்றன. பிடித்து இழுத்தேன், சுலபமாக வந்தது, வேரோடு வந்துவிட்டது என்று பெருமை வேறு. கீழே கொண்டைக்கடலை அளவில் கறுப்புக் கிழங்கு மண்ணிலேயே தங்கிவிட்டது எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் அதே இடத்தில் மூன்று. கோரை! இன்றுவரை அதோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். சந்தேகமாக ஒரு தண்டு தெரிந்தால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். புல் உருண்டையாகவோ தட்டையாகவோ இருக்கும், கோரைக்கு மூன்று முனை இடறும். நர்சரியிலேயே பாயைத் திருப்பிப் போட்டு அடிமண்ணைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: டிசம்பர் வந்தாலே லான் மங்கி மஞ்சளடிக்கிறது. மாலி (தோட்டக்காரர்) யூரியா போடலாம், தரையோடு ஒட்ட வெட்டிச் செம்மண் கொட்டலாம் என்கிறார். செய்யலாமா? – வாசகர், ஜெயநகர்

பதில்: இப்போது வேண்டாம். நம் புல் வெயில் ஊர்க்காரன், இரவுக் குளிரில் வேகம் குறைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். தூங்குகிறவனை எழுப்பிச் சாப்பாடு ஊட்டுகிற மாதிரிதான் டிசம்பர் யூரியா. ஒட்ட வெட்டி மண் போடுகிற வேலையெல்லாம் புல் விறுவிறுவென்று வளர்கிற ஜூன், ஜூலையில் செய்ய வேண்டியது, அப்போதுதான் காயம் சீக்கிரம் ஆறும். யூரியாவும் அப்போதே, நூறு சதுர அடிக்கு 90 கிராமுக்கு மேல் போகாமல், இலை காய்ந்திருக்கும்போது தூவி உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிடச் சொல்லுங்கள். கைப்பிடி கைப்பிடியாக வீசினால் விழுந்த இடமெல்லாம் கருகும்.

மஞ்சள் ஒரே சீராக இருந்தால் குளிர்தான். வட்ட வட்டமாக இருந்தால் காலையில் பனி காய்வதற்கு முன் குனிந்து பாருங்கள், சிலந்தி வலை மாதிரி வெள்ளையாகப் படர்ந்திருந்தால் பெரும்பாலும் பூஞ்சைதான். சாயங்காலம் தண்ணீர் விடுவதை அன்றைக்கே நிறுத்துங்கள். காலை ஆறு ஏழு மணிக்கு விட்டால் வெயில் ஏறும்போது இலை உலர்ந்துவிடும். ராத்திரி முழுக்க ஈரத்தில் நின்றால் பூஞ்சைக்குத்தான் விருந்து.

கேள்வி: ஆறு மாதம் டொரொன்டோவில் மகன் வீட்டுக்குப் போகிறேன். போன தடவை பார்த்தேன், மூன்று அங்குல உயரத்துக்குப் புல்லை விட்டு வைக்கிறான், வெட்டியதை அள்ளாமல் அப்படியே போட்டுவிடுகிறான். சோம்பேறித்தனம் என்று சொன்னால் சண்டைக்கு வருகிறான். – வாசகர், ராமமூர்த்தி நகர்

பதில்: இதில் நான் உங்கள் மகன் கட்சி சார். அங்கே இருப்பதுதான் நிஜமான குளிர்நாட்டுப் புல், அதற்கு மூன்று அங்குலம் சரியான உயரம். மேலே எவ்வளவு இலையோ அதற்குத் தக்கபடி கீழே வேர் இறங்கும், நிழல் விழுவதால் களை விதையும் சட்டென்று முளைக்காது. ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது என்பதுதான் கணக்கு. வெட்டிய துண்டு பெரும்பாலும் தண்ணீர், சில நாளில் மட்கித் தழைச்சத்தை மண்ணுக்கே திருப்பிக் கொடுத்துவிடும். அள்ளிக் கொட்டினால் காசு கொடுத்து வாங்கிய உரத்தையும் சேர்த்துக் கொட்டுகிறீர்கள்.

அங்கே போய் உங்களுக்கு வேலைதான் வேண்டுமென்றால் இரண்டு இருக்கிறது. வெட்டிய மறுநாள் ஒரு இலை நுனியைப் பிடித்துப் பாருங்கள். கத்தரித்த மாதிரி நேராக இருந்தால் நல்லது, பிய்த்த நூல் மாதிரி வெளுத்திருந்தால் மெஷின் பிளேடு மழுங்கிவிட்டது, தீட்டிக் கொடுங்கள். இரண்டாவது, களை பிடுங்குவது. ஒன்டாரியோவில் 2009 முதல் வீட்டுப் புல்தரைக்கு அழகுக்காக ரசாயனக் களைக்கொல்லி அடிக்கத் தடை, அதனால் மஞ்சள் பூ டான்டேலியனைப் பெரும்பாலும் கையால்தான் எடுக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் ஒரு நீளக் கத்தியை வேரோரம் இறக்கி நெம்பினால் முள்ளங்கி மாதிரி முழுசாக வரும், பாதியில் ஒடிந்தால் மறுபடி துளிர்க்கும். ஜூலை வெயிலில் புல் பழுப்பானால் பதறிக் குழாயைத் திறக்காதீர்கள், பெரும்பாலும் அது தூக்கம், மழை வந்தால் பச்சையாகும். வழுக்கை விழுந்த இடத்தில் விதைக்க ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் பாதிதான் நேரம். மண்ணில் சூடு இருக்கும், காற்றில் குளிர் வந்திருக்கும்.

கேள்வி: தண்ணீருக்கு இப்படித் திண்டாடுகிற ஊரில் லான் தேவையா? – வாசகி, அல்சூர்

பதில்: கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். கோடையில் வாரத்துக்கு ஒரு அங்குலம் தண்ணீர் என்றால் நூறு சதுர அடிக்கு சுமார் 230 லிட்டர். 400 சதுர அடி லானுக்கு 900 லிட்டருக்கு மேல், ஒவ்வொரு வாரமும். 2024 மார்ச்சில் குடிநீரைத் தோட்டத்துக்கு விட்டால் 5000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது ஞாபகம் இருக்கும். அபார்ட்மென்டில் சுத்திகரித்த கழிவுநீர் கிடைக்கிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும். தனி வீட்டில், டேங்கர் வாங்கி ஊற்றுகிற நிலைமையில், என் அபிப்பிராயம் வேண்டாம் என்பதுதான். குழந்தைகள் உருள, நாற்காலி போட நூறு சதுர அடி போதும், மீதியில் செம்பருத்தி, நந்தியாவட்டை, கறிவேப்பிலை வையுங்கள். ஆர்ஓ மெஷின் கழிவுநீரைத் தினமும் விடாதீர்கள், மண்ணில் உப்பு ஏறும்.

இருக்கிற லானையும் தினம் நனைக்க வேண்டியதில்லை. நடந்துபோய்த் திரும்பிப் பாருங்கள், கால் பதிந்த இடத்தில் புல் நிமிராமல் கிடந்தால்தான் தாகம். அன்றைக்கு நிறைய விட்டுவிட்டு, அரை மணி கழித்து ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரைக் குத்துங்கள், நான்கு அங்குலம் தடையில்லாமல் இறங்கினால் போதும், குழாயை மூடிவிடலாம்.

கேள்வி: மாமரத்தடியில் எத்தனை தடவை நட்டாலும் புல் வரமாட்டேன் என்கிறது, என்ன உரம் போடலாம்? – வாசகர், கோரமங்களா

பதில்: அந்த நிழலில் உரம் போட்டாலும் வராது சார். அங்கே இரண்டு கல் பெஞ்ச் போடுங்கள்.