ஒரு சுற்று பின்னால் வந்தவர்

அன்புள்ள ஐயா,

ஆஸ்திரிய சைக்கிள் வீரர் அடால்ஃப் ஷ்மால் பற்றிப் படித்தேன். 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் 12 மணி நேரப் போட்டியில் முதலிடம். ஆனால் கடைசி வரை ஓட்டியதே இரண்டு பேர்தான், இன்னொருவர் யாரோ தூதரக வேலைக்காரராம். இதெல்லாம் ஒரு வெற்றியா? அங்கேயே வாள்வீச்சில், ராஜ குடும்பம் தாமதமாக வந்ததால் போட்டியை முதலிலிருந்து நடத்தினார்களாமே, இல்லாவிட்டால் அதிலும் ஜெயித்திருப்பாரா?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

வாள்வீச்சை விடுங்கள். ஷ்மால் அதுவரை ஜெயித்த ஆட்டங்கள் கணக்கில் வரவில்லை, மறுபடி நடத்தியபோது நான்காவதாக வந்தார், அவ்வளவுதான்.

12 மணி நேரப் போட்டி வெற்றிதான், சந்தேகம் வேண்டாம். நியோ ஃபாலிரோ மைதானத்தில் ஒரு சுற்று 333 மீட்டர் சொச்சம். காலை ஐந்து மணிக்குக் கிளம்பி மாலை ஐந்து வரை, கியர் மாற்ற வழியில்லாத வண்டியில், அதே வளையத்தை 945 முறை சுற்றிவிட்டு வாருங்கள், பேசலாம். கிட்டத்தட்ட 315 கிலோமீட்டர். மற்றவர்கள் பாதியில் இறங்கிப் போனதற்கு அவர் என்ன செய்வார்? அதே ஒலிம்பிக்கில் 10 கிலோமீட்டரிலும் ஒரே ஒரு சுற்றை யார் சீக்கிரம் முடிக்கிறார் என்று பார்க்கும் போட்டியிலும் மூன்றாவதாக வந்தார், அந்த வருஷம் மூன்றாம் இடத்துக்குப் பதக்கமே கிடையாது. முதலிடத்துக்கே வெள்ளிதான்.

ஆனால் எனக்குக் கோபம் வந்தது உங்கள் 'யாரோ'வைப் பார்த்துத்தான். அந்த யாரோவின் பெயர் ஃபிரடெரிக் கீப்பிங். ஏதென்ஸ் பிரிட்டிஷ் தூதரகத்தில் வேலை பார்த்தவர். ஷ்மால் ஆரம்பத்திலேயே ஒரு சுற்று முந்திவிட்டார், அப்புறம் மணிக்கணக்காக ஓட்டியும் அந்த ஒரு சுற்றுதான் கடைசி வித்தியாசம். அதாவது கீப்பிங்கை அதற்கு மேல் அவரால் உதறவே முடியவில்லை. நீங்கள் இளக்காரமாகச் சொன்னதையே அன்றைக்கு ஏதென்ஸில் இருந்த சில ஆங்கிலேயர்களும் சொன்னார்கள். கீப்பிங்கும் அவரோடு வேலை பார்த்த எட்வர்ட் பேட்டலும் சம்பளத்துக்கு ஏவல் செய்பவர்கள், அதனால் அமெச்சூர் (காசுக்காக இல்லாமல் ஆசைக்காக விளையாடுபவர்) ஆகமாட்டார்கள், போட்டியில் சேர்க்காதீர்கள் என்று.

விளையாட்டில் காசு வாங்கினால்தான் தொழில்முறை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டிக்காரர்கள் 1879-லேயே எழுதி வைத்த விதியைப் பாருங்கள்: கூலிக்கு வேலை செய்யும் மெக்கானிக், கைவினைஞர், தொழிலாளி யாரும் அமெச்சூர் இல்லை. படகு ஓட்டிக் காசு வாங்கியிருக்க வேண்டும் என்பதில்லை, கையால் உழைத்துப் பிழைத்தாலே போதும், வெளியே போ. இதற்குப் பெயர் விளையாட்டின் தூய்மையாம்! தூய்மை, தீட்டு என்று யார் பேசினாலும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது, அதை வெள்ளைக்காரன் வெள்ளைக்காரனிடம் பேசினாலும் சரி. ஷ்மால் பிற்பாடு வியன்னாவில் மோட்டார் வண்டிகளைப் பற்றி எழுதும் பத்திரிகையாளர் ஆனார். பேனா பிடித்துச் சம்பாதித்தால் கனவான், எஜமானுக்கு ஏவல் செய்து சம்பாதித்தால் தள்ளி நில். நல்லவேளை, ஏதென்ஸ்காரர்கள் அந்தப் பேச்சுக்குக் காது கொடுக்கவில்லை, இருவரும் ஓட்டினார்கள். நீங்கள் நல்ல மனிதர், சைக்கிள்மேல் ஆசை வைத்துத்தான் எழுதியிருக்கிறீர்கள், தெரிகிறது. அந்த 'யாரோ'வை மட்டும் அடித்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. கீப்பிங்கின் மகன் மைக்கேல் கால்பந்து வீரரானார், 1948-ல் ரியல் மாட்ரிட் அணிக்கே பயிற்சியாளராகப் போனார். உங்களுக்குக் கால்பந்து பிடிக்குமென்றால் அவரைத் தேடிப் படியுங்கள்.