அலறுகிறது என்று கழற்றிவிடாதீர்கள்

(தீயணைப்புப் பணியில் நீண்ட காலம் இருந்து ஓய்வு பெற்றவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தரும் பகுதி. இம்முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் வீட்டுப் புகை அலாரம் பற்றியவை.)

ஐயா, அடுப்பில் ஏதாவது தாளித்தாலே எங்கள் வீட்டு அலாரம் அலறிவிடுகிறது. பொறுக்க முடியாமல் என் கணவர் பேட்டரியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். அவர் செய்தது சரியா?
— ஓர் இல்லத்தரசி

அம்மா, முதலில் எழுந்து போய் அந்தப் பேட்டரியை எடுத்துப் பொருத்திவிட்டு வாருங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

தீ அணைந்தபின் வீட்டுக்குள் நுழைந்து கரி படிந்த உட்கூரையில் கைவிளக்கை அடித்துப் பார்ப்பது எங்கள் வேலையில் ஒரு பகுதி. அலாரம் இருக்க வேண்டிய இடத்தில் வட்டத் தட்டு ஒன்று மட்டும் இரண்டு திருகுகளில் நிற்கும். கருவி எங்கே என்று தேடினால் ஏதோ ஓர் இழுப்பறையில் சின்னக் கீறல்கூட இல்லாமல் கிடக்கும். வீடு எரிந்துவிட்டது, அலாரம் பிழைத்துக்கொண்டது! அமெரிக்காவில் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் திரட்டும் கணக்குப்படி, வீட்டுத் தீயில் இறப்பவர்களில் ஏறத்தாழ 5 பேரில் 3 பேர் அலாரமே இல்லாத வீட்டிலோ, இருந்தும் ஒலிக்காத வீட்டிலோ இறக்கிறார்கள். ஒலிக்காததற்கு முதல் காரணம், பேட்டரி இல்லாதது அல்லது இணைப்பு கழற்றப்பட்டிருப்பது. இயந்திரக் கோளாறு அதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது.

உங்கள் கணவர்மேல் எனக்குக் கோபமில்லை. கருவி இருக்கும் இடத்தின்மேல்தான் கோபம். சமைக்கும் அடுப்பிலிருந்து குறைந்தது 3 மீட்டராவது தள்ளி அதை மாட்டுங்கள். அப்படியும் அலறினால் ஒளி வகைக் கருவிக்கு மாறுங்கள். அது என்ன வகை என்று அடுத்த பதிலில் சொல்கிறேன். பல கருவிகளில் தற்காலிகமாக அடக்கும் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்தினால் சில நிமிடங்கள் சும்மா இருந்துவிட்டுத் தானாகவே மறுபடி காவலுக்கு வந்துவிடும். சமையலறைக்குள்ளேயே ஏதாவது வேண்டுமென்றால் வெப்ப அலாரம் வாங்குங்கள். புகையை அது சட்டை செய்யாது. அதைச் சுற்றியுள்ள காற்று 57 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறினால்தான் ஒலிக்கும். ஆனால் படுக்கையறைப் பக்கம் புகை அலாரத்துக்குப் பதிலாக அதை வைக்கக் கூடாது. அறை அவ்வளவு சூடேறுவதற்குள் புகை தன் வேலையை முடித்திருக்கும்.

கடையில் இரண்டு வகை காட்டுகிறார்கள். வெளித் தோற்றத்தில் வித்தியாசமே தெரியவில்லை. எதை வாங்குவது?
— புது வீடு கட்டும் வாசகர்

வெளியே ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே இரண்டும் வேலை செய்யும் முறை வேறு. அயனி வகையில் இரண்டு தகடுகளுக்கு நடுவே உள்ள காற்றை, துளியளவு அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் மின்னூட்டம் உள்ளதாக மாற்றிக்கொண்டே இருக்கும்; மின்னூட்டம் பெற்ற அந்தக் காற்றுத் துகள்கள்தான் அயனிகள். அதனால் தகடுகளுக்கிடையே மெல்லிய மின்னோட்டம் ஓடும். புகைத்துகள் நுழைந்து அந்த அயனிகளைப் பிடித்துக்கொண்டால் மின்னோட்டம் குறையும், கருவி ஒலிக்கும். ஒளி வகையில் இருட்டான ஒரு சிற்றறைக்குள் ஒளிக்கதிர் நேராகப் போய்க்கொண்டிருக்கும். ஒளியை உணரும் பகுதி அதன் பாதையில் இல்லாமல் பக்கவாட்டில் இருக்கும். புகை வந்தால் ஒளி சிதறி அதன்மேல் படும். உடனே ஒலிக்கும்.

காகிதம் பற்றுவதுபோல் கொழுந்துவிட்டு எரியும் தீ கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களைக் கக்கும். அதை அயனி வகை சற்று முந்திக் கண்டுபிடிக்கும். மெத்தையில் விழுந்த சிகரெட்டும், சோபா இடுக்கில் கனன்றுகொண்டிருக்கும் மின்கம்பியும் வெகுநேரம் புகைந்துகொண்டே இருக்கும். அங்கே ஒளி வகை நன்றாகவே முந்தும். ஆட்கள் தூங்கும்போது வரும் தீ பெரும்பாலும் இந்த இரண்டாம் ரகமாகத்தான் இருக்கும். ஆகவே ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் ஒளி வகை என்பேன். இரண்டையும் ஒரே கூட்டில் வைத்த கருவிகளும் கிடைக்கின்றன.

இந்த அயனி முறையே தற்செயலாகக் கிடைத்தது என்று ஒரு கதை உண்டு. 1930-களின் பிற்பகுதியில் வால்ட்டர் யேகர் என்ற சுவிட்சர்லாந்து இயற்பியலாளர் விஷவாயுவைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றைச் செய்ய முயன்றார். வாயுவுக்குக் கருவி மசியவில்லை. சலித்துப்போய் சிகரெட் பற்றவைத்தாராம், அளவுமானியின் முள் அசைந்தது. வீடுகளுக்கு ஏற்ற பேட்டரி அலாரம் வந்தது அதற்கு வெகுகாலம் கழித்துத்தான். 1965-ல் அமெரிக்காவில் டுவேன் பியர்சால் அதை உருவாக்கினார்.

அமெரிசியம் கதிரியக்கப் பொருளாமே! தலைக்கு மேலே அதை வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது?
— ஒரு பாட்டி

நிம்மதியாகத் தூங்குங்கள் அம்மா. உள்ளே இருப்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அது வெளியிடும் ஆல்ஃபா துகளை ஒரு தாளே தடுத்துவிடும். காற்றிலேயே சில சென்டிமீட்டர்தான் போகும். கருவியை உடைத்து உள்ளே நோண்டாமல் இருந்தால் போதும். பழையதை எறியும்போது மட்டும் அதன் கையேட்டில் சொல்லியிருப்பதைப் பாருங்கள்.

எனக்கு மோப்பம் மிகக் கூர்மை. லேசாகக் கருகினாலே எழுந்துவிடுவேன். எனக்கு எதற்கு இந்தக் கருவி?
— ஓய்வுபெற்ற ஆசிரியர்

ஐயா, விழித்திருக்கும்போது உங்கள் மூக்கை நானும் நம்புவேன். தூங்கும்போது மூக்கும் தூங்கிவிடுகிறது. சத்தம் ஒருவரை எழுப்புவதுபோல் வாசனை எழுப்புவதில்லை. ஆழ்ந்த உறக்கத்தில் கடுமையான நெடிகூட மூளையை உசுப்பாமல் போகும் என்பது சோதித்து அறிந்த விஷயம்.

அதைவிட மோசம் என்னவென்றால், புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தூங்குபவரின் தூக்கத்தை இன்னும் ஆழமாக்கிவிடும். மெத்தை நுரையும் பிளாஸ்டிக்கும் எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடும் சேர்ந்துகொள்ளும். தீயில் இறந்தவர் என்று நாம் சொல்பவர்களில் பலரைத் தீ தொட்டிருக்கவே இருக்காது. படுத்த நிலையிலேயே, போர்வைகூடக் கலையாமல் இருந்தவர்களைத் தூக்கி வந்திருக்கிறேன். எரிந்தது பக்கத்து அறை.

இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், மாடி உள்ள வீடு. எத்தனை அலாரம், எங்கெங்கே?
— வங்கி ஊழியர்

ஒவ்வொரு படுக்கையறைக்குள்ளும் ஒன்று, படுக்கையறைகளுக்கு வெளியே உள்ள நடையில் ஒன்று, ஒவ்வொரு தளத்திலும் ஒன்று. அவ்வளவு முடியாதென்றால் படுக்கையறைக்கு வெளியே உள்ள நடையில் தொடங்குங்கள். அடுத்து மாடிப்படியின் உச்சி. படிக்கட்டு புகைக்குப் புகைபோக்கி மாதிரி. கீழே பிறக்கும் புகை அங்கேதான் முதலில் வந்து சேரும்.

புகை மேலே ஏறுவதால் உட்கூரையின் நடுப்பகுதிதான் உத்தமம். சுவரும் கூரையும் சேரும் மூலையில் காற்று அசைவில்லாமல் தேங்கி நிற்கும், புகை அங்கே தாமதமாகத்தான் எட்டும். சுவரில்தான் மாட்ட முடியும் என்றால், கூரையிலிருந்து 10 முதல் 30 சென்டிமீட்டர் கீழே, அவ்வளவுதான். கண்ணுக்கு எட்டும் உயரத்தில் நாள்காட்டிக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கே புகை இறங்கும்போது நின்று மூச்சுவிட முடியாத நிலை வந்திருக்கும்.

மின்விசிறியைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. அது சுழலும்போது புகையைக் கருவியின் பக்கம் வரவிடாமல் தள்ளிவிடும், கூடவே தூசியையும் அதன்மேல் அப்பும். இறக்கையின் நுனியிலிருந்து ஒரு மீட்டராவது விலகி இருக்கட்டும். ஏசி காற்று வரும் வாய்க்கும் குளியலறைக் கதவுக்கும் அதே இடைவெளி. வெந்நீர் ஆவியும் புகையும் ஒளி வகைக் கருவிக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

மாடியும் கீழுமாக இருப்பதால் ஒன்றோடொன்று இணைத்த அலாரங்களாக வாங்குங்கள். கீழே ஒன்று ஒலித்தால் எல்லாம் ஒலிக்கும். கம்பி இழுக்காமல் கம்பியில்லா இணைப்பிலேயே இப்போது வருகின்றன.

பகலெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு மட்டும் ‘கீச்’, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ‘கீச்’. புகையும் இல்லை, ஒன்றும் இல்லை. எங்களைப் பழிவாங்குகிறதா?
— தூக்கம் கெட்ட தம்பதி

பேட்டரி சாகக் கிடக்கிறது, அதைத்தான் சொல்கிறது. அந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் குளிர். பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை குளிரில் மந்தமாகும், மின்னழுத்தம் இறங்கும். பின்னிரவில் வீடு நன்றாகக் குளிர்ந்திருக்கும் நேரத்தில் அது எல்லையைத் தாண்டிக் கீழே போய்விடுகிறது. காலையில் வெயில் ஏறியதும் அழுத்தமும் கொஞ்சம் ஏறிக்கொள்ளும், கருவியும் வாயை மூடிக்கொள்ளும். நீங்களும் மறந்துவிடுவீர்கள்.

புதிய பேட்டரி போடுங்கள். பழையதைக் கழற்றியபின் சோதனைப் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் மிச்சமுள்ள மின்னூட்டமும் போய்விடும். சார்ஜ் செய்யும் பேட்டரியை இதற்குப் போட வேண்டாம். எச்சரிக்கத் தேவையான அவகாசம் தராமல் சட்டென்று படுத்துவிடும். புதிதாகப் போட்டும் கீச்சிட்டால் கருவியின் முதுகைத் திருப்பித் தயாரித்த தேதியைப் பாருங்கள். 10 ஆண்டு ஆகியிருந்தால் அதற்குப் பணி ஓய்வு கொடுத்துவிடுங்கள். பேட்டரி நன்றாக இருந்தாலும் உள்ளே உணரும் பகுதிக்கு வயதாகிவிடும். 10 ஆண்டு உழைக்கும் லித்தியம் பேட்டரியை உள்ளேயே அடைத்து விற்கும் கருவி வாங்கினால் இந்த நள்ளிரவு ஏணி ஏற்றம் மிச்சம்.

தொடர்ந்து இடைவிடாமல் மும்மூன்றாக ஒலித்தால் அது வேறு: அது புகை. நான்கு நான்காக ஒலித்தால் கார்பன் மோனாக்சைடு. அந்த வாயுவை உணரும் கருவி உங்களிடம் இருந்தால்தான் அந்தச் சத்தம் கேட்கும்.

பராமரிப்பு என்று பெரிதாக ஏதாவது உண்டா?
— கல்லூரி மாணவி

மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்துங்கள், துடைப்பக் கட்டையின் நுனியாலும் அழுத்தலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை மென்மையான தூரிகையாலோ தூசு உறிஞ்சியாலோ ஓரத்து இடுக்குகளைச் சுத்தம் செய்யுங்கள். சின்னப் பூச்சி உள்ளே புகுந்தாலும் ஒளி வகைக் கருவி புகை என்று நினைத்து அலறும். ஈரத்துணி, வாசனைத் தெளிப்பான் எதுவும் வேண்டாம். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது கருவியின்மேலும் ஒரு பூச்சு பூசிவிட்டுப் போகிறார்கள். இடுக்குகள் அடைபட்ட கருவிக்குள் புகை போக வழியில்லை, அதை மாற்றத்தான் வேண்டும். வேலை நடக்கும்போது உறை போட்டு மூடுங்கள், அன்று மாலையே உறையை எடுத்துவிடுங்கள். மெழுகுவத்தியைக் கொளுத்திக் கீழே காட்டிச் சோதிக்கும் வித்தையையும் விட்டுவிடுங்கள்.

என் அம்மாவுக்குக் காது மந்தம். பையனோ இடி விழுந்தாலும் எழுந்திருக்கமாட்டான். அலாரம் வைத்து என்ன பயன்?
— இரவுப் பணிக்குச் செல்லும் தாய்

நியாயமான கேள்வி. சாதாரண அலாரம் 3 மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் அளவுக்குக் கத்தும். ஆனால் அதன் ஒலி 3,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்தில் இருக்கும் கீச்சுக் குரல். வயதானவர்களுக்கு முதலில் மங்குவது அந்த உயர்ந்த ஒலிதான். 520 ஹெர்ட்ஸில் தடித்த குரலில் ஒலிக்கும் அலாரங்கள் காது மந்தமானவர்களையும் குழந்தைகளையும் நன்றாக எழுப்புவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அம்மாவுக்குத் தலையணைக்கு அடியில் அதிரும் தட்டும், பளிச்சிடும் விளக்கும் சேர்ந்த கருவி கிடைக்கும். பையன் தானாக எழுவான் என்று திட்டம் போடாதீர்கள். அவனை யார் எழுப்பித் தூக்கி வருவது என்பதை நீங்கள் வேலைக்குப் போகும் இரவுகளுக்கும் சேர்த்து இப்போதே முடிவு செய்துவிடுங்கள். அறைக் கதவுகளைச் சாத்திவிட்டுத் தூங்கப் பழக்குங்கள். சாத்திய சாதாரண மரக் கதவுகூடப் புகையைக் கணிசமான நேரம் தடுத்து நிறுத்தும்.

கேஸ் கசிந்தால் புகை அலாரம் சொல்லுமா?
— வாசகர்

சொல்லாது. அதற்குத் தனிக் கருவி. சிலிண்டரில் வரும் எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, எனவே அந்தக் கருவியைத் தரைக்கு அருகில் பொருத்த வேண்டும்.

மின்சார ஸ்கூட்டரை இரவில் வாசல் கதவை ஒட்டி உள்ளே நிறுத்தி சார்ஜ் போடுகிறோம். மேலேயே அலாரம் இருக்கிறது. போதும்தானே?
— இளைஞர்

போதாது. லித்தியம் அயான் பேட்டரி கெட்டுப் பற்றிக்கொண்டால் கனன்று புகைந்து அவகாசம் தருவதில்லை; சீறிக்கொண்டு எரியும், நச்சுப்புகையை அள்ளிக் கொட்டும். அலாரம் ஒலிக்கும், நீங்களும் எழுவீர்கள். வெளியே போகும் ஒரே வழியில் ஸ்கூட்டர் எரிந்துகொண்டிருக்கும். வண்டியை வெளியே நிறுத்துங்கள். முடியாவிட்டால் வாசலிலிருந்தும் படிக்கட்டிலிருந்தும் விலக்கி, நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் சார்ஜ் போடுங்கள்.

வாடகை வீடு. உட்கூரையில் துளை போடக்கூடாது என்கிறார் வீட்டுக்காரர். பசை நாடாவால் ஒட்டலாமா?
— குடித்தனக்காரர்

கருவியோடு வரும் கையேடு அனுமதித்தால் ஒட்டலாம். சுண்ணாம்பு உதிரும் கூரையில் நாடா நிற்காது, ஒரு நாள் தலையில் விழும். புத்தக அலமாரியின் மேல் வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். வீட்டுக்காரரிடம் இன்னொரு முறை பேசிப் பாருங்கள். கேட்பது இரண்டு திருகுத் துளை. காலி செய்யும்போது பூசி அடைத்துத் தருவதாகச் சொல்லுங்கள். எரிந்தால் போவது அவருடைய கட்டடமும்தான் என்பதையும் கொஞ்சம் பணிவாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.