படகில் எவ்வளவு நேரம்? ஒருநாள் காயல் சுற்றுலா: கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் தெருப் பெண்கள் பதினைந்து பேர் சேர்ந்து ஒருநாள் சுற்றுலா போகத் திட்டமிட்டிருக்கிறோம். நாகர்கோவில் ஏஜென்ட் ஒருவர் தந்த நோட்டீஸில் இப்படி இருக்கிறது: "காலை 5 மணிக்குப் புறப்பாடு. வர்க்கலா கடற்கரை, கொல்லம் அஷ்டமுடிக் காயல், ஆலப்புழையில் படகுச் சவாரி. வழிகாட்டி, காலை உணவு, மதிய உணவு உட்பட தலைக்கு 1,850 ரூபாய். இரவு 10 மணிக்குள் வீடு திரும்பலாம்." விலை நியாயமானதா? எங்களில் நான்கு பேர் அறுபதைத் தாண்டியவர்கள்.
– வாசகி, கோட்டாறு

பதில்: விலைக்குப் பிறகு வருவோம். முதலில் ஒரு தாளை எடுத்து மணிக்கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

நாகர்கோவிலிலிருந்து ஆலப்புழை ஏறத்தாழ 220 கிலோமீட்டர். போக வர 440. களியக்காவிளை தாண்டினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஊர் விட்டு ஊர் நெரிசல். திருவனந்தபுரத்துக்கு வடக்கே தேசிய நெடுஞ்சாலையை ஆறுவழியாக்கும் வேலை. மணிக்குச் சராசரி 40 கிலோமீட்டர் ஓடினாலே ஓட்டுநரைப் பாராட்ட வேண்டும். அப்படி ஓடினாலும் சாலையிலேயே பதினொரு மணி நேரம் போய்விடும். காலை 5 முதல் இரவு 10 வரை உங்களிடம் இருப்பது பதினேழு மணி நேரம். மீதி ஆறு.

அந்த ஆறில் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் தள்ளுங்கள். வர்க்கலா நெடுஞ்சாலையில் இல்லை. கல்லம்பலத்தில் மேற்கே திரும்பிப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போக வேண்டும். குன்றின் மேல் இறக்கிவிடுவார்கள், படி இறங்கிக் கடலைத் தொட்டுவிட்டுப் படி ஏறி வர வேண்டும். முழங்கால் வலிக்காரர் ஒருவர் இருந்தாலும் அங்கே ஒன்றரை மணி நேரம். பதினைந்து பெண்கள் பயணிக்கும் வண்டிக்குச் சாயாவுக்கும் கழிப்பறைக்கும் நிற்கும் நேரத்தை நோட்டீஸ் அடிக்கிறவர்கள் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அது குறைந்தது ஒரு மணி நேரம். கொல்லத்தில் காயலைக் காட்டி, போட்டோ எடுக்க அரை மணி. பிறகு நோட்டீஸில் இல்லாத ஓர் இடம் வரும்: நேந்திரங்காய் சிப்ஸும் ஏலக்காயும் விற்கிற கடை. கைடு உங்களை அங்கே தவறாமல் அழைத்துப் போவார். பில் தொகையில் அவருக்கும் பங்கு உண்டு என்பதால் அந்த நிறுத்தம் மட்டும் எந்த நெரிசலிலும் ரத்தாகாது. அதற்கு ஓர் அரை மணி.

ஆலப்புழைப் படகுக்கு மிஞ்சுவது ஒரு மணி நேரம். அதிலும் படகுத்துறைக்கு நடப்பது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அடக்கம். அந்த ஒரு மணி நேரமும் எப்போது கிடைக்கும் என்று பாருங்கள். ஆலப்புழையின் படகு வீடுகள் மாலை ஐந்தரை வாக்கில் கரை ஒதுங்கிவிடும். அதன்பின் காயல் வலை விரிக்கும் மீனவர்களுடையது. வர்க்கலாவிலும் கொல்லத்திலும் தாமதமானால், நீங்கள் போய்ச் சேரும்போது கட்டிப்போட்ட படகுகளைத்தான் பார்ப்பீர்கள்.

அடுத்தது, "படகுச் சவாரி" என்று மொட்டையாக அச்சிட்டிருப்பது. எந்தப் படகு? அறையும் சமையலறையும் உள்ள படகு வீடா, கூரை போட்ட ஷிகாராவா, விசைப்படகா, கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை ஓட்டும் பயணிகள் படகா? கட்டணத்தில் ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அரசுப் படகை நான் குறைத்துச் சொல்லவில்லை. குட்டநாட்டு மக்கள் வேலைக்கும் சந்தைக்கும் போய்வருகிற படகு அது. குறைந்த காசில் காயலை அதைவிட நன்றாகப் பார்க்க முடியாது. ஆனால் அந்தச் சில்லறைக் காசு டிக்கெட்டை வாங்கித் தந்துவிட்டு, 1,850 ரூபாயில் அதைப் பெரிய அயிட்டமாகக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஆகவே ஏஜென்டிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டியவை: எந்த ஊர்த் துறையில், என்ன வகைப் படகில், எத்தனை மணிக்கு ஏறுவோம், எவ்வளவு நேரம் தண்ணீரில் இருப்போம், படகு நமக்கு மட்டுமா, மற்றவர்களும் ஏறுவார்களா, படகு ஓடாவிட்டால் எவ்வளவு பணம் திரும்பும். வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதினாலும் போதும். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம், அக்கா" என்று வாயால் சொல்கிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

விலையைப் பொறுத்தவரை, மொத்தத் தொகையைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்: வண்டி, படகு, சாப்பாடு, கைடு. நீங்களே ஒரு டெம்போ டிராவலர் உரிமையாளரிடம் ஆலப்புழை போய்வர என்ன வாடகை என்று கேட்டுப் பதினைந்தால் வகுத்துப் பார்த்தால், ஏஜென்டின் லாபம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். லாபம் வைப்பது தவறில்லை. அவர் செய்யும் ஏற்பாட்டுக்கு அது கூலி. சுற்றுலா ஏற்பாட்டாளர் கட்டணத்துக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. அது 1,850-க்குள் அடக்கமா, கடைசியில் தனியாகக் கேட்பார்களா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

வண்டியின் எண் பலகை மஞ்சளா என்று பாருங்கள். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி செல்லாது. எல்லையில் மடக்கினால் உங்கள் சுற்றுலா அங்கேயே முடியும், விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கப் பார்க்கும். மஞ்சள் பலகையானாலும் கேரளத்துக்குள் போக பெர்மிட் இருக்க வேண்டும்.

படகில் ஏறும்முன், எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று 45 பேரும், தானூரில் 2023 மே 7 அன்று 22 பேரும் இறந்தது சுற்றுலாப் படகுகளில்தான். தானூர்ப் படகில் அளவுக்கு மீறி ஆளை ஏற்றியிருந்தார்கள். லைஃப் ஜாக்கெட் கசங்கி நாறினாலும் போட்டுக்கொள்ளுங்கள்; புடவை மடிப்புக் கெடும் என்று மடியில் வைத்துக்கொண்டு உட்காருவதால் பயன் இல்லை.

என்னைக் கேட்டால் பட்டியலிலிருந்து ஆலப்புழையை அடித்துவிடுவேன். ஒரு நாளுக்குக் கொல்லம் போதும். நாகர்கோவிலிலிருந்து 135 கிலோமீட்டர் அளவில் வந்துவிடும். அஷ்டமுடி, வேம்பநாட்டுக்கு அடுத்து கேரளத்தின் இரண்டாவது பெரிய காயல். கொல்லம் படகுத்துறை பஸ் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. நீர்ப் போக்குவரத்துத் துறை அங்கிருந்து "சீ அஷ்டமுடி" என்ற சுற்றுலாப் படகையும் விடுகிறது. சாம்பிராணிக்கோடி, மன்றோ தீவு என்று காயலோர ஊர்களைச் சுற்றிக்கொண்டு வரும். பதினைந்து இடத்துக்கு முன்பதிவு செய்துவிட்டு, ரயிலில் போய் ரயிலில் திரும்பினால் ஏஜென்டே தேவையில்லை, முழங்காலும் பிழைக்கும். ஆலப்புழைதான் வேண்டும் என்றால் ஓர் இரவு தங்குங்கள்.

கேள்வி: சென்ற மாதம் குடும்பத்தோடு ஒரு நிறுவனத்தின் காயல் சுற்றுலாவுக்குப் போனோம். "மூன்று மணி நேரப் படகுப் பயணம்" என்று விளம்பரம் செய்திருந்தார்கள். நாற்பது நிமிடத்தில் இறக்கிவிட்டார்கள். கேட்டதற்கு, சாலையில் தாமதம், அதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்கிறார்கள். ரசீது தரவில்லை, பணத்தை கூகுள் பே வழியாக அனுப்பினேன். விளம்பரத்தின் அடியில் "செலுத்திய பணம் திரும்பத் தரப்படாது" என்று பொடி எழுத்தில் இருக்கிறது. ஏதாவது செய்ய முடியுமா?
– வாசகர், தக்கலை

பதில்: முடியும். பொடி எழுத்தைக் கண்டு பயப்படாதீர்கள். வாக்களித்த சேவையைக் கொடுத்துவிட்டு, அதன்பின் நீங்கள் மனம் மாறினால் பணம் திரும்பாது என்று சொல்ல நிறுவனத்துக்கு உரிமை உண்டு. மூன்று மணி நேரத்துக்குப் பணம் வாங்கி நாற்பது நிமிடம் கொடுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி சேவைக் குறைபாடு. அதே சட்டத்தின்படி பில்லோ ரசீதோ தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. ஆகவே ரசீது இல்லாதது உங்களைவிட நிறுவனத்துக்குத்தான் ஆபத்து. பணம் கொடுத்ததற்குக் கூகுள் பே பதிவு சாட்சி. படகில் எடுத்த முதல் போட்டோவிலும் கடைசிப் போட்டோவிலும் நேரம் பதிந்திருக்கும். செல்பேசியிலிருந்து அவற்றை அழித்துவிடாதீர்கள். விளம்பரத்தையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அப்படியே சேமித்து வையுங்கள்.

சாலைத் தாமதம் என்ற வாதம் ஓரளவுக்குத்தான் எடுபடும். வழியில் மரம் விழுந்து போக்குவரத்து நின்றது என்றால் அது வேறு. தினமும் அதே சாலையில் வண்டி ஓட்டுகிறவருக்கு அங்கே நெரிசல் இருக்கும் என்பது தெரியாதா? கடைகளில் எவ்வளவு நேரம் நிறுத்தினார்கள் என்பதையும் மறக்குமுன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி ஒரு மணி கடையில் போயிருந்தால் சாலைமேல் பழி போட முடியாது.

முதலில் நிறுவனத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: என்ன வாக்களித்தார்கள், என்ன கிடைத்தது, எவ்வளவு திரும்ப வேண்டும், எத்தனை நாளுக்குள். பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் ஸ்பீட் போஸ்டோடு இணைந்துவிட்டது. ஆகவே ஸ்பீட் போஸ்டில், ஒப்புகைச் சீட்டோடு அனுப்புங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம், தமிழிலேயே பேசலாம். பாதிப் பிரச்சினைகள் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம். இவ்வளவு சின்னத் தொகைக்காக வழக்குக்கு அலைய நிறுவனங்களும் விரும்புவதில்லை.

அசையவில்லை என்றால், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நிறுவனம் கேரளத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை, நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தின் வழியாகவும் மனு செய்யலாம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். ஒரு வேண்டுகோள்: மன உளைச்சலுக்குப் பத்து லட்சம் என்று எழுதாதீர்கள். கிடைக்காத படகு நேரத்துக்குரிய தொகை, நியாயமான இழப்பீடு, செலவு. கணக்கு நேர்மையாக இருந்தால் மனு எடுபடும்.

கேள்வி: பூவார் போகும் வழியில் சிலர் கைகாட்டி வண்டியை நிறுத்தி, "படகு இங்கேதான்" என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகர், குழித்துறை

பதில்: நிறுத்தாமல் போங்கள். பூவாரில் படகு விடுகிறவர்கள் பலர். ஒவ்வொருவருக்கும் தனித் துறை, தனி விலை. சொல்லும் விலை அநேகமாகப் படகுக்கு, தலைக்கு அல்ல. ஆனால் ஏறும்வரை அதைத் தெளிவுபடுத்த மாட்டார்கள். இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். நெய்யாறு கடலோடு சேரும் முகத்துவாரம் வரை போகுமா, கண்டல் காட்டு வாய்க்காலோடு திரும்பிவிடுமா என்பதையும் நிமிடக் கணக்கோடு கேட்டுவிட்டுப் பேரம் பேசுங்கள். நடுவில் மிதக்கும் உணவகத்தில் நிறுத்தினால், அந்த நேரம் உங்கள் கணக்கில் ஓடுமா என்று கேட்க மறக்க வேண்டாம்.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து அத்தையும் மாமாவும் வருகிறார்கள். நம் மாவட்டத்துக்குள்ளேயே ஒருநாள் சுற்றுலாவுக்கு ஒரு ஏஜென்ட் திங்கட்கிழமை தேதி கொடுத்திருக்கிறார்: பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு படகு, சுசீந்திரம், மாலையில் கன்னியாகுமரி விவேகானந்தர் பாறை. பதிவு செய்யலாமா?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: தேதியை மாற்றாமல் பதியாதீர்கள். பத்மநாபபுரம் அரண்மனை நம் மாவட்டத்தில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. திங்கட்கிழமை அதற்கு விடுமுறை. இது தெரியாமல் தேதி கொடுத்திருந்தால் அவருக்குத் தொழில் தெரியாது. தெரிந்தே கொடுத்திருந்தால், வெளியே நின்று மதிலைக் காட்டிவிட்டு "பார்த்தாயிற்று" என்று கணக்கு எழுதுவார்.

பாறையைக் கடைசியில் வைத்திருப்பதும் சரியில்லை. பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகள் மாலையில் சீக்கிரமே நின்றுவிடும். கடல் உள்வாங்கினாலும் கொந்தளித்தாலும் முன்னறிவிப்பின்றி நிறுத்துவார்கள். ஐயப்ப சீசனில் வரிசை மணிக்கணக்கில் நீளும். பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் இடையே 2024 டிசம்பரில் கண்ணாடிப் பாலம் திறந்தபிறகு, பாறையில் ஏறுகிறவர்கள் முன்பைவிட அதிக நேரம் செலவிடுகிறார்கள். ஆகவே காலையில் முதல் வேலையாகப் பாறை, உச்சிகால நடை சாத்துமுன் சுசீந்திரம், மதியச் சாப்பாட்டுக்குப் பின் அரண்மனை, மாலையில் மாத்தூர் அல்லது திற்பரப்பு, இரண்டில் ஒன்று. வரிசையைத் திருப்பிப் போட ஏஜென்ட் மறுத்தால் ஒரு காரை நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊருக்கு வழிகாட்ட உங்களைவிடவா ஒருவர் வேண்டும்? மாமாவிடம் வேட்டி ஒன்று எடுத்து வரச் சொல்லுங்கள்; சுசீந்திரத்தில் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும்.