அரைப் பேரும் முழுப் பேரும்

தம்பி, நம்ம இலங்கை மலையகத்துத் தலவாக்கலையிலிருந்து செப்டம்பர்ல லண்டன் வந்து இறங்கியிருக்கீங்க. மாஸ்டர்ஸ் படிச்சுக்கிட்டே டீவிக்கும் படத்துக்கும் மியூசிக் போட்டுப் பிழைக்க முடியுமான்னு கேட்டிருக்கீங்க. நான் மஸ்கெலியாக்காரன். 22 வருஷமா இங்க அதைத்தான் செய்றேன். முடியும், ஆனா இப்ப வேணாம்.

ஸ்டூடன்ட் விசாவுல சுயதொழில் செய்யக்கூடாது. இந்த வேலையில அநேகமா எல்லாமே சுயதொழில்தான். மாசச் சம்பளத்துக்கு யாரும் வச்சுக்க மாட்டாங்க. ஆசைப்பட்டு ஒரு இன்வாய்ஸ் அனுப்பி விசாவைக் கெடுத்துக்காதீங்க. படிப்பு முடிஞ்சு கிராஜுவேட் விசா கிடைச்சதும் தாராளமா செய்யலாம்.

அரைப் பேர்னா உங்களுக்கு நான் சொல்லணுமா? தேயிலைத் தோட்டத்துல பறிச்ச கொழுந்து கிலோ குறைஞ்சா அன்னிக்குப் பாதிச் சம்பளம். எங்கம்மா கொழுந்து நிறுத்ததும், செக்ரோல்ல, அதாவது தோட்டத்துப் பேர்ப் பதிவேட்டுல, பேர் விழுந்துச்சான்னு கேட்காம மலையை விட்டு இறங்கினதில்ல. அந்தப் புத்தி எனக்கு ஹீத்ரோ வந்ததும் எங்கயோ போயிடுச்சு.

இங்க டீவிக்கும் ஒரு செக்ரோல் இருக்கு. கியூ ஷீட்னு பேரு. நிகழ்ச்சியில எந்தத் துண்டு இசை, யார் எழுதினது, எத்தனை செக்கன், பின்னணியா டைட்டிலான்னு வரிவரியா எழுதணும். தயாரிப்புக் கம்பெனிதான் அதை நிரப்பிக் குடுக்கணும். அதைப் பார்த்துத்தான் பி.ஆர்.எஸ். காரங்க ராயல்டி பிரிப்பாங்க. இசை எழுதுறவங்களுக்காக 1914லேர்ந்து இருக்கிற சங்கம். நீங்களும் சேர்ந்து, எழுதின ஒவ்வொண்ணையும் பதிஞ்சு வைக்கணும். என் முதல் டொக்குமென்டரிக்கு 38 நிமிஷ இசை எழுதினேன். மூணு தடவை ஒளிபரப்பானுச்சு. கம்பெனி அந்தத் தாளை அனுப்பவேயில்லை. நான் ஒரு வருஷம் தபால்காரரைப் பார்த்துக்கிட்டே இருந்துட்டு, கடைசியில கேட்கப் போனா ஆபீஸையே மூடிட்டாங்க. கைக்கு வந்தது ஆரம்பத்துல குடுத்த கூலி மட்டும். அரைப் பேர்!

இப்பல்லாம் ஒப்பந்தத்துலயே கியூ ஷீட் பிரதி எனக்கும் வரணும்னு ஒரு வரி போட்டுடுவேன். முகம் சுளிப்பாங்க, சுளிக்கட்டும்.

படம்னா வேற கணக்கு. பிரிட்டிஷ் தியேட்டர்ல ஓடினா ராயல்டி வரும். அமெரிக்கத் தியேட்டர்ல எத்தனை வாரம் ஓடினாலும் ஒரு சதம் வராது. 1948ல நியூயோர்க் கோர்ட்டுல வந்த தீர்ப்போட வினை அது. அதனால அங்க போற படத்துக்கு முன்கூலியைக் கூட்டிக் கேளுங்க. அப்புறம், எடிட்டிங் முடிஞ்சுடுச்சுன்னு டைரக்டர் சொல்றதை நம்பி வாத்தியக்காரங்களைக் கூப்பிட்டுடாதீங்க. இங்க டீவியில செக்கனுக்கு 25 ஃபிரேம். அவர் முன்னாடி 10 ஃபிரேமை வெட்டினாலே கதவு சாத்தினதுக்கு அப்புறம்தான் உங்க மேளம் விழும்.

கச்சேரி மண்டபத்துல காசு கம்மி. நான் அதை விடாததுக்குக் காரணம் நம்ம தப்பு மேளம். தோட்டத்துல ஆடுற காமன் கூத்துல எங்க மாமா அடிச்ச அடியை வச்சு 12 நிமிஷத்துக்கு ஒரு உருப்படி எழுதினேன். தோலைக் காய்ச்சாம தப்பு பேசாதுன்னு உங்களுக்குத் தெரியும். மண்டபத்துல நெருப்பு மூட்டினா ஃபயர் அலாரம் கத்தும். மேடைக்குப் பின்னாடி ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு ஹேர் டிரையரைத் தோல்கிட்ட பிடிச்சு, விரலால தட்டித்தட்டிப் பார்த்து, 'இப்ப சரியா?'ன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. குச்சி ரெண்டும் ஒரே அளவுல இருந்தா நல்லதுன்னும் சொல்லுச்சு. ஒண்ணு குட்டை, ஒண்ணு நீளம், அப்படித்தான் அடிக்கணும்னு புரிய வைக்க ஒரு ஒத்திகையே போயிடுச்சு.

அன்னிக்கு ராத்திரி கிளம்புறதுக்கு முன்னாடி, மண்டபம் பி.ஆர்.எஸ்.ஸுக்கு அனுப்புற பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். என் பேர்ல ஒரு எழுத்து விட்டுப்போயிருந்துச்சு. நின்னு திருத்த வச்சுட்டுத்தான் பஸ் ஏறினேன்.