டைரிக்குள் விபூதி

அன்புள்ள ஐயா,

அப்பா போய் இரண்டு மாதம் ஆகிறது. கருப்புச் சட்டைக்காரர். நாற்பது வருஷம் கோயில் வாசலை மிதிக்காதவர், என் கல்யாணத்துக்கு ஐயர் வந்தார் என்பதற்காகப் பந்தியில் உட்காராமலே எழுந்து போனவர். நான் சஷ்டி விரதம் இருக்கிறவன், அதனால் வீட்டில் எப்போதும் சண்டைதான். போன வாரம் அவருடைய பழைய டைரிகளை எடுத்து வைக்கும்போது, அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த வருஷத்து டைரியில் காகிதத்தில் மடித்த விபூதி இருந்தது. இத்தனை நாளும் எங்களிடம் நடித்தாரா? எது உண்மையான அப்பா?

(பெயர் வேண்டாம்), காட்பாடி

அன்புள்ள தம்பி,

என் பாட்டி கொசப்பேட்டையில் எருமை வைத்துப் பால் ஊற்றினாள். தினமும் தண்ணீர் கலப்பாள், கை பழகிய அளவு. வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்குப் போகிற சொம்பில் மட்டும் ஒரு சொட்டு இருக்காது. ஏன் என்று கேட்டால், "சாமிக்குத் தெரிஞ்சிடும்டா" என்பாள். ஒரு நாள் எதிர்வீட்டு அம்மாள், பால் நீர்த்துப் போச்சு, கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணு என்று தெருவில் நின்று கத்தி, திண்ணையில் கட்டியை வைத்து ஏற்றியும்விட்டாள். பாட்டி சுடரைப் பார்த்தாள், அந்த அம்மாளைப் பார்த்தாள், "இந்த மாசம் காசு வேணாம், விடு" என்று சொல்லிவிட்டுச் சொம்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு மாதக் கணக்கு போயிற்று. மறுநாள் காலை தண்ணீர் கலந்தாளா என்றால், கலந்தாள்.

தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று நம்ம வேலூரைக் கிண்டல் பண்ணுவார்கள், கேட்டிருப்பீர்கள். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கருவறை வெகுகாலம் காலியாகத்தான் கிடந்தது. சின்ன வயதில் அங்கே கூட்டிப் போன பாட்டி, வெறும் இருட்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள், எனக்குச் சிரிப்பு வந்து அடி வாங்கினேன். 1981 மார்ச்சில் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் வந்து பூஜை ஆரம்பித்ததும் ஊரே ஓடியது. பாட்டி ஒரு தரம் போனாள். "கும்பல் தாங்கல" என்று அப்புறம் போகவே இல்லை.

அதே கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று என்ன நடந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். கம்பெனியிடம் சம்பளம் வாங்கி, கம்பெனிக்காக நம் ஆட்களையே சுட்டுக்கொண்டிருந்த சிப்பாய்கள், நெற்றிக் குறியை அழி, தாடியை எடு, தோல் பட்டை வைத்த புதுத் தொப்பியைப் போடு என்றதும் துப்பாக்கியைத் திருப்பிவிட்டார்கள். மற்ற காரணங்களும் உண்டு, திப்புவின் பிள்ளைகள் அங்கே சிறையில் இருந்தார்கள். ஆனாலும் எதைக் கொடுத்தாலும் கொடுப்பேன், இதை மட்டும் தர மாட்டேன் என்று ஒன்று இருக்கிறது பாருங்கள், அது ஆளுக்கு ஆள் எங்கே இருக்கும் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடிவதில்லை. பாட்டிக்கு அது கற்பூரத்தில் இருந்தது, பாலில் இல்லை.

சரி, உங்கள் அப்பா. ஆபரேஷன் தியேட்டர் வாசல் பெஞ்சில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறீர்களா? பக்கத்தில் கல்கத்தாவிலிருந்து வந்த குடும்பம், அந்தப் பக்கம் சித்தூர்க்காரர், எல்லோரும் பையிலிருந்து ஏதாவது பிரசாதம் எடுத்து நீட்டுவார்கள். கொள்கை பேசுகிற இடமா அது? வாங்கியிருப்பார். வெளியே வந்து கொட்டியிருக்கலாம், கொட்டவில்லை. பயமா, கொடுத்தவருக்கு மரியாதையா, இரண்டும் சேர்ந்தா, எனக்குத் தெரியாது. நெற்றியில் இட்டுக்கொண்டாரா என்பதும் தெரியாது. அதை வைத்து நாற்பது வருஷத்தைப் பொய் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பந்தியிலிருந்து எழுந்து போனது நடிப்பு என்றால், அது ரொம்பப் பசியோடு நடித்த நடிப்பு.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் முருகன் பக்தர். அப்பா ஒரு சிட்டிகை விபூதியை ஒளித்து வைத்திருந்தது தெரிந்தால் உங்களுக்குச் சந்தோஷம் அல்லவா வர வேண்டும்? கடிதம் முழுக்க ஆத்திரம்தான் இருக்கிறது. இத்தனை வருஷம் யாரோடு சண்டை போட்டீர்களோ, அந்த ஆள் பாதியில் கழன்றுகொண்ட மாதிரி ஓர் ஏமாற்றம். அவர் உங்களிடம் மறைத்தார் என்பதுதான் வலி. சண்டை போட்டுக்கொண்டே இருந்த பிள்ளையிடம் அவர் அதை எப்படிச் சொல்லியிருப்பார்?

அப்புறம், விபூதி இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தப் பக்கத்தில் அவர் என்ன எழுதியிருந்தார் என்று எழுதவில்லையே. பார்த்தீர்களா?