கொழுந்து சிவப்பதும் செல் பாடமும்

அம்மா, காலாண்டு விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் கேட்டது இரண்டு நாளாக என் மனதிலேயே நிற்கிறது. "பயாலஜி வரலைன்னா இப்பவே காமர்ஸுக்கு மாத்திடலாமா சார்?" மாற்ற வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

மகளிடம் தனியாகப் பேசினேன். செல் நுண்ணுறுப்புகளின் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். தாவர செல்லில் மைட்டோகாண்ட்ரியா உண்டா என்று கேட்டதும், "இல்லை, அதுக்குத்தான் பசுங்கணிகம் இருக்கே" என்றாள். நிறையப் பிள்ளைகள் சறுக்கும் இடம் இது. பசுங்கணிகம் வெளிச்சத்தில் சர்க்கரை செய்கிறது. அந்தச் சர்க்கரையிலிருந்து ஆற்றலை எடுத்துத் தருவது மைட்டோகாண்ட்ரியா. இரவிலும் செடி உயிரோடு இருக்க வேண்டுமே. மண்ணுக்குள் இருக்கும் வேருக்கும் ஆற்றல் வேண்டுமே.

அப்புறம், நீங்கள் வேலை செய்யும் டீ பேக்டரியைப் பற்றிக் கேட்டேன். பச்சைக் கொழுந்து அரைபட்டதும் ஏன் செம்பு நிறமாகிறது? கோத்தகிரியில் பிறந்து வளர்ந்த பிள்ளை, தினமும் பார்ப்பது, ஆனால் யோசித்ததில்லை. கொழுந்தின் செல்லில் கேட்டச்சின் என்ற துவர்ப்புப் பொருள் வாக்குவோல் பைக்குள் இருக்கிறது. அதை நிறம் மாற்றும் நொதி (என்சைம்) பாலிபீனால் ஆக்சிடேஸ் பெரும்பாலும் பசுங்கணிகத்தில் இருக்கிறது. நடுவில் சவ்வு. கொழுந்தை அரைக்கும் சி.டி.சி. இயந்திரத்தின் உருளையில் இலை நசுங்கும்போது சவ்வும் கிழிகிறது. இரண்டும் கலந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர, இலை சிவக்கிறது. கிரீன் டீக்கு முதலிலேயே இலையைச் சூடாக்கி நொதியைச் செயலிழக்கச் செய்துவிடுகிறார்கள். அதனால்தான் அது பச்சையாகவே இருக்கிறது.

சொல்லி முடிப்பதற்குள், "அப்போ லைசோசோமுக்குச் சவ்வு இருக்கிறதும் இதுக்குத்தானா சார்? செரிக்கிற நொதி வெளியே வந்தா செல்லையே தின்னுடுமே" என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை நான் சொல்லித் தரவில்லை அம்மா. இந்தப் பிள்ளைக்கா பயாலஜி வராது?

அவளுக்கு வேண்டியது வேறு மாதிரிப் படிப்பு. தினமும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, தாவர செல்லையும் விலங்கு செல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வரையச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் சவ்வு ஒன்றா, இரண்டா என்று எழுதட்டும். உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, பசுங்கணிகம் மூன்றுக்கும் இரட்டைச் சவ்வு. புரதம் செய்யும் ரைபோசோமுக்குச் சவ்வே கிடையாது. தேர்வில் அடிக்கடி மாட்டிவிடும் கேள்வி அது.

சரி, டாக்டர் சீட் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்ற உங்கள் பயத்துக்கு வருகிறேன். நீட் எழுதினால் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்குத்தான். ஆனால் நீட் ஒன்றே வழி இல்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. வேளாண்மை, தோட்டக்கலைப் படிப்புகளுக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் தாவரவியல் இருக்கிறது. மருந்தாளுநர் படிப்பான பி.பார்ம். படிக்கவும் ஊட்டியிலேயே கல்லூரி உண்டு. செல்லைப் படித்தவர்களுக்கு என்ன வேலை என்று கேட்டீர்கள். 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டியர் நிறுவனம் தடுப்பூசி தயாரிக்கும் இடம். ஊட்டிப் பக்கம் முத்தோரையில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இப்போது பிரிவை மாற்றினால் இவற்றில் பல கதவுகள் பிளஸ் டூவிலேயே மூடிவிடும். திரும்பித் திறப்பது கஷ்டம்.

அடுத்த விடுமுறை நாளில், சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டு அவளை பேக்டரிக்குக் கூட்டிப்போங்கள். உருளைக்குப் பக்கத்தில் நின்று அவளே உங்களுக்கு விளக்கட்டும். அரையாண்டு விடைத்தாள் வந்ததும் இருவரும் என்னைப் பார்க்க வாருங்கள்.